பழைய பாட்டு சிடியைக் கணினிக்கு மாற்றுவது எப்படி? சட்டம் எதுவரை அனுமதிக்கிறது?

முதல் படிக்குக் கணினியே வேண்டாம். தகட்டைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் வெள்ளி நிறமாக மின்னினால் ஆலையில் அச்சான தகடு. நீலமோ பச்சையோ கலந்திருந்தால் யாரோ பதிந்து கொடுத்தது. பாட்டுப் பட்டியலைக் கடையில் நீட்டிப் பதிந்து வாங்கிய காலம் பலருக்கும் நினைவிருக்கும். நாம் காசு கொடுத்தோம், உண்மைதான். அது உரிமையாளரிடம் போகவில்லை. அந்தத் தகடுகளை ஒதுக்கிவிடுங்கள்.

அசல் என்றால், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 52(1)(ஏ) உங்களுக்குத் துணை. 2012 திருத்தத்துக்கு முன் அதில் ஒலிப்பதிவும் திரைப்படமும் இடம்பெறவில்லை. இப்போது, கணினி மென்பொருள் தவிர எந்தப் படைப்பையும் சொந்தப் பயன்பாட்டுக்காக நியாயமாகக் கையாளலாம். அதற்காக மின்னணு வடிவில் சேமித்தும் வைக்கலாம். 'நியாயம்' என்பதற்குச் சட்டத்தில் வரையறை கிடையாது. என் அளவுகோல்: தகடும் கோப்பும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். தகட்டை விற்றால் கோப்பையும் அழித்துவிடுங்கள்.

இனி வேலை. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். தகட்டிலிருந்து பாட்டைக் கோப்பாக எடுக்க விண்டோஸில் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி', லினக்ஸில் 'அசண்டர்' என்ற மென்பொருள் போதும். வடிவம் கேட்டால் 'ஃபிளாக்' என்று கொடுங்கள். ஒலித்தரம் குறையாது, சிடியில் இருப்பதில் ஏறத்தாழ பாதி இடம்தான் பிடிக்கும். கைப்பேசிக்கு வேண்டிய எம்பி3 கோப்பை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பாட்டின் பெயர்களை யூனிகோடு தமிழில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள்; இணையத்திலிருந்து தானாக வரும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் பிறகு எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

டிவிடி வேறு கதை. பெரும்பாலானவற்றில் நகலெடுப்பதைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு உண்டு. உரிமையை மீறும் நோக்கத்துடன் அதை உடைத்தால், பிரிவு 65ஏ-யின்படி இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்கு விலக்கு இருக்கிறது. ஆனால் உடைக்க உதவுபவர் உங்கள் பெயர், முகவரி, நோக்கம் எல்லாவற்றையும் குறித்து வைக்க வேண்டுமாம்! அப்படி ஒரு பதிவேடு வைத்திருக்கும் கடையை நான் பார்த்ததில்லை. புதியவர்கள் சிடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லண்டனில் இருக்கும் உறவினருக்கு இந்த யோசனையை அனுப்பிவிடாதீர்கள். சொந்தப் பயன்பாட்டுக்கான நகலை பிரிட்டன் 2014 அக்டோபரில் அனுமதித்தது; 2015 ஜூலையிலேயே அங்குள்ள உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்துவிட்டது.