இருமுகிற நாய்க்குச் சோற்று உருண்டையா?

போன வாரம் ஒத்தக்கடையில் ஒரு தம்பி, இருமுகிற சிப்பிப்பாறைக் குட்டியின் வாயைப் பிளந்து சோற்று உருண்டையைத் திணித்துக்கொண்டிருந்தார். "எலும்பு சிக்கிருச்சுண்ணே" என்றார். பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே வேலை!

எலும்பு என்று முடிவு கட்டுவது

நமக்கு மீன் முள் சிக்கினால் சோற்றை உருட்டி விழுங்குவோம். அந்த வைத்தியத்தை நாய்க்கும் செய்கிறோம். ஆனால் அது நாய்க்கு நாய் பரவும் தொற்று இருமலாக இருக்கலாம். அதில் நாய் கழுத்தை நீட்டி, வாத்து கத்துவதுபோல் இருமும். கடைசியில் ஓங்கரித்து வெள்ளை நுரையைக் கக்கும். எதையோ துப்பப் பார்ப்பதுபோலவே இருக்கும். ஆனால் இரண்டு நிமிடத்தில் வாலை ஆட்டிக்கொண்டு தட்டை நக்கும். எலும்பு சிக்கிய நாய் பெரும்பாலும் தின்னாது. எச்சில் ஒழுக, முன்னங்காலால் வாயைப் பிறாண்டும். கழுத்துப்பட்டையை லேசாக இழுத்ததும் இருமுகிறதா? அப்போது மூச்சுக்குழாயைத்தான் சந்தேகப்பட வேண்டும். திணித்த சோறு அதற்குள்ளேயே போய்விடும் ஆபத்து வேறு.

என் ராஜபாளையத்துக்கு உருண்டை, வாழைப்பழம் என்று மூன்று நாள் ஊட்டினேன். அந்த மூன்று நாளும் அது மற்ற நாய்களோடு ஒரே சட்டியில் தண்ணீர் குடித்தது. பார்டெடெல்லா பாக்டீரியா, பாராஇன்ஃப்ளூயன்சா வைரஸ் எல்லாம் இருமல் துளியிலும் பொதுச் சட்டியிலும் பரவும்; 2 முதல் 14 நாளுக்குள் அடுத்த நாய் இருமும். ஒரே வாரத்தில் என் நான்கு நாய்களும் இருமின. மூன்று மாதக் குட்டிக்கு நிமோனியாவாகிப் போய்ச் சேர்ந்தது. இன்றும் உருண்டையைப் பார்த்தால் எரிச்சல்தான்.

நம் மாத்திரை, சிரப்

வேண்டாம். வலி மாத்திரையான ஐபுபுரூஃபன் நாய்க்கு விஷம்.

"ஊசி போட்டாச்சே"

தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான கூட்டு ஊசி இருக்கும். பார்டெடெல்லாவுக்குப் பெரும்பாலும் தனியாகப் போட வேண்டும். ஊசி என்றால் முதல் முறை 2 தவணை, நடுவில் 2 முதல் 4 வாரம். மூக்கில் விடும் தடுப்பு மருந்து சீக்கிரம் வேலை செய்யும், அதற்கும் சில நாள் ஆகும். தீபாவளிக்கு ஊருக்குப் போக, முந்தின நாள் போட்டு நாய் விடுதியில் விட்டால் என்ன பயன்? போட்ட நாய்க்கும் லேசாக வரலாம்.

இருமல் நின்றதும் தெப்பக்குளத்துக்கு நடை

பெரும்பாலும் 1 முதல் 3 வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். கிருமி அப்புறமும் வெளியேறிக்கொண்டிருக்கும். இன்னும் இரண்டு வாரம் தனியாகவே இருக்கட்டும். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை.

சாப்பாட்டை ஒதுக்கினால், சளி பச்சையானால், வயிறு எக்கி எக்கி மூச்சு விட்டால் உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். குட்டி என்றால் அதுவரை காத்திருக்கவே வேண்டாம்.

அந்தத் தம்பியிடம் வீட்டில் வேறு நாய் உண்டா என்று கேட்டேன். "இல்லண்ணே. பக்கத்து வீட்டு லேப்ரடார்தான் தினமும் விளையாட வரும்."