திருகோணமலை – கொழும்பு இரவு லொறி: புதுச் சாரதிகளுக்கு

லோட் ஏற்றப் போனால் முதலில் நித்திரையைப் பாருங்கள். வரிசையில் நிற்கும் நேரத்தை ஓய்வென்று முதலாளிமார் கணக்குப் போடுவார்கள், ஆனால் எப்போது கூப்பிடுவார்களோ என்று அந்த வெக்கையில் சீட்டில் சுருண்டு கிடப்பது ஓய்வா? கிளீனர் தம்பியை வரிசையைப் பார்க்கச் சொல்லிவிட்டு நிழலில் சாக்கை விரித்துப் படுங்கள்.

காசுப் பேச்சையும் வெளிக்கிட முன்னமே முடியுங்கள். ட்ரிப்புக்கா சம்பளம், பட்டா (வழிச் சாப்பாட்டுக் காசு) தனியா, பாரம் கூடிப் பொலிஸ் மறித்தால் தண்டம் யார் தலையில்? லைசன்ஸைப் பறிகொடுப்பது நீங்கள்தான், முதலாளி இல்லை.

கந்தளாய் தாண்டினால் ஹபரணை வரை யானை. தனியன் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் வேண்டாம், லைட்டை அடித்து அடித்துக் காட்டவும் வேண்டாம், இறங்கிப் போட்டோ எடுக்கிற விளையாட்டு அறவே வேண்டாம். வாழைப்பழம் எறிந்து பழக்கியதால்தான் சிலது லொறியைக் கண்டதும் கிட்ட வருகுது.

விடியப்புறம் 2 மணியிலிருந்து 5 மணி வரை கண் தானாகச் சொருகும். பாட்டுச் சத்தமோ வெற்றிலையோ உதவாது. வெளிச்சமான கடையோரம் ஒதுக்கி, ஒரு கோப்பி குடித்துவிட்டு உடனே 20 நிமிடம் படுங்கள், எழும்பும்போது கோப்பியும் வேலை செய்யத் தொடங்கியிருக்கும். சாமான் பிந்தினால் முதலாளி ஏசுவார், ஏசட்டும்.