புறநகர்த் தெருவுக்கு விளக்கும் சாலையும் வாங்குவது எப்படி: மனுவுக்கு முன்னும் பின்னும்

தெருவிளக்குக்கும் சாலைக்கும் மாதக்கணக்கில் மனு கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். மனு போன அலுவலகத்துக்கு அந்தத் தெரு மேல் பொறுப்பு இருக்காது. அல்லது அந்தத் தெரு ஆவணத்தில் இன்னும் பொதுத் தெருவாக ஆகியிருக்காது. இரண்டையும் வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு மாலையில் பார்த்துவிடலாம். அதைப் பார்க்காமல் எழுதும் மனு, மேசை மேசையாகச் சுற்றி ஓய்ந்துவிடும். இந்தக் குறிப்பு சென்னைப் புறநகரை வைத்து எழுதப்பட்டது.

எந்த உள்ளாட்சி?

சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. அம்பத்தூர், ஆலந்தூர், மாதவரம், சோழிங்கநல்லூர் எல்லாம் அப்போது உள்ளே வந்தவை. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது: 70 வார்டுகள், 5 மண்டலங்கள். இவற்றுக்கு நடுவிலும் ஓரங்களிலும் ஊராட்சிகள் இருக்கின்றன.

அஞ்சல் முகவரியை நம்ப வேண்டாம். பள்ளிக்கரணைக்கும் மேடவாக்கத்துக்கும் பின்கோடு ஒன்றேதான், 600100. ஆனால் பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. மேடவாக்கம் அந்த 2011 இணைப்பில் சேராமல் ஊராட்சியாகவே நின்றது. மேடவாக்கத்துத் தெருவுக்காக 1913ஐ அழைத்துப் புகார் செய்தால், அது சென்னை மாநகராட்சியின் எண் என்பதால் அங்கேயே நின்றுவிடும். உங்கள் சொத்து வரி ரசீதின் தலைப்பில் எந்த அமைப்பின் பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் உள்ளாட்சி. எல்லைகளை மாற்றும் அறிவிப்புகள் அவ்வப்போது வருவதால், பழைய ரசீதை விட்டுக் கடைசி ரசீதைப் பாருங்கள்.

அடுத்து சாலையின் வகை. ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை தேசிய நெடுஞ்சாலை. தாம்பரம் – வேளச்சேரி சாலையும் வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருப்பவை. அவற்றில் விழுந்த பள்ளத்துக்குக் கவுன்சிலரிடம் போய்ப் பயனில்லை. ஊராட்சிப் பகுதியில் இரண்டு கிராமங்களை இணைக்கும் சாலை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியச் சாலையாக இருக்கும், உள்தெருக்கள் ஊராட்சியைச் சேரும். ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர்கள் இருவர் உண்டு. உள்தெரு விஷயத்துக்கு மனு போக வேண்டியது ‘கிராம ஊராட்சி’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதப்பட்ட பி.டி.ஓ.வுக்கு. ‘வட்டார ஊராட்சி’ பி.டி.ஓ. வேறு ஆள்.

தெரு பொதுத் தெருதானா?

புறநகரில் பலரும் தடுக்கி விழும் இடம் இது. மனை வாங்கும்போது வரைபடத்தில் ‘30 அடி ரோடு’ என்று போட்டிருப்பார்கள். அந்த ரோடு, மனை பிரித்தவர் உள்ளாட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுத்த பிறகுதான் பொதுத் தெரு ஆகும். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி பெற்ற மனைப்பிரிவில் இந்த ஒப்படைப்பு முடிந்தால்தான் இறுதி அனுமதியே கிடைக்கும். அனுமதியில்லாத மனைப்பிரிவில் பெரும்பாலும் ஒப்படைப்பு நடந்திருக்காது. ஆவணத்தில் அந்த நிலம் இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். தனியார் நிலத்தில் பொதுப் பணம் செலவழித்தால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்று எந்தப் பொறியாளரும் பயப்படுவார். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அவர் அதை வாய்விட்டுச் சொல்லாமல் ‘நிதி இல்லை’ என்று அனுப்பிவிடுவார். மக்களும் நிதிக்காகக் காத்திருப்பார்கள்.

பார்க்கும் முறை இதுதான். உங்கள் பத்திரத்தில் இருக்கும் சர்வே எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுத் துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். மனைப்பிரிவு உருவான ஆண்டிலிருந்து தேடுங்கள். மனை விற்பனைப் பதிவுகளுக்கு நடுவில், பெறுபவர் இடத்தில் ஆணையர், செயல் அலுவலர், ஊராட்சித் தலைவர் என யாராவது ஒருவருடைய பதவி வரும் தானப் பதிவு இருந்தால், அதுதான் உங்கள் தெருவின் பிறப்புச் சான்று. ஆவண எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மனைப்பிரிவுக்கு முந்தைய பழைய பாதையாக இருந்தால், வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்தில் அ-பதிவேட்டையும் (எந்தச் சர்வே எண் யாருடைய நிலம் என்று சொல்லும் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) பாருங்கள். புறம்போக்கு, பாதை என்று இருந்தால் அது அரசு நிலம், சிக்கல் இல்லை.

தானப் பதிவு இல்லாவிட்டால்? அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017இல் வந்தன. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்கு அவை பொருந்தும். விண்ணப்பிக்கும் காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டிருப்பதால், இப்போது வாங்குகிறார்களா என்று உங்கள் உள்ளாட்சியின் நகரமைப்புப் பிரிவில் முதலில் கேளுங்கள். மனைப்பிரிவு ஏற்கெனவே வரன்முறை ஆகியிருந்தால் அந்த ஆணையின் நகல்தான் உங்கள் கையிலிருக்கும் வலுவான காகிதம், ஏனென்றால் அதற்காக மனைக்காரர்கள் வளர்ச்சிக் கட்டணம் கட்டியிருக்கிறார்கள். மனை பிரித்தவரோ அவருடைய வாரிசோ எட்டும் தூரத்தில் இருந்தால், இப்போது கூட அவரைத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வைக்கலாம். ஆண்டுகள் ஆக ஆக வாரிசுகளின் எண்ணிக்கை கூடும், எல்லோருடைய கையெழுத்தும் தேவைப்படும். ஆகவே இந்த வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

அளந்து எழுதுங்கள்

‘எங்கள் தெரு இருட்டாக இருக்கிறது, நடவடிக்கை எடுக்கவும்’ என்ற மனுவை வைத்து உதவிப் பொறியாளரால் மதிப்பீடு போட முடியாது. அவருக்கு வேண்டியது அளவு. டேப் வைத்துத் தெருவின் நீளத்தையும், மூன்று இடங்களில் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். மின்கம்பங்களில் பெயின்டால் எழுதிய எண்களை வரிசையாகக் குறியுங்கள். வீடுகள் எத்தனை, கடைசியாகச் சாலை போட்டது எந்த ஆண்டு, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனு இந்த அளவுக்கு இருந்தால் போதும்:

‘பொருள்: … நகர் 2வது குறுக்குத் தெருவில் தெருவிளக்குப் பொருத்தக் கோருதல். மேற்படி தெரு (சர்வே எண் …) … ஆண்டு … எண் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டது. நீளம் 180 மீட்டர், சராசரி அகலம் 7 மீட்டர், வீடுகள் 34. மொத்தம் 6 மின்கம்பங்கள். அவற்றில் … , … , … எண் கம்பங்களில் விளக்கு இல்லை. அவற்றில் விளக்குப் பொருத்த வேண்டுகிறோம். இணைப்பு: தானப் பத்திர விவரம், தெரு வரைபடம், படங்கள், குடியிருப்போர் கையெழுத்து.’

ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும். விளக்கு, குப்பை, கால்வாய், நாய் என்று நான்கையும் ஒன்றாக எழுதினால் நான்கு பிரிவுகளில் யாரும் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எளிதான ஒன்றுக்குப் பதில் போட்டுவிட்டு மனுவையே முடித்துவைத்து விடுவதும் உண்டு. கையெழுத்துகளுக்குப் பக்கத்தில் கதவு எண்ணும் சொத்து வரி எண்ணும் இருக்கட்டும். வெறும் கையெழுத்தைவிட அதற்கு எடை அதிகம்.

நேரில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். அஞ்சலில் என்றால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதோடு பட்டுவாடா விவரத்தையும் அச்செடுத்து வையுங்கள். பதினைந்து, இருபது நாளில் அசைவு இல்லை என்றால் அதே மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தின் மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம். முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணிலும் பதியலாம். எங்கு கொடுத்தாலும் மனு எண் வரும். அதை முதல் மனுவின் நகலிலேயே எழுதிவையுங்கள்.

விளக்கு விஷயத்தில் ஒரு பிரிவினை தெரிந்திருக்க வேண்டும். கம்பமும் கம்பியும் மின்வாரியத்தின் பொறுப்பு. விளக்கு உள்ளாட்சியின் பொறுப்பு. ஒரே ஒரு விளக்கு எரியவில்லை என்றால் உள்ளாட்சிக்குச் சொல்லுங்கள். வீடுகளில் மின்சாரம் இருந்து, தெருவில் வரிசையாக எல்லா விளக்கும் அணைந்திருந்தால் சுவிட்ச் பெட்டியோ டைமரோ போயிருக்கலாம். அதுவும் உள்ளாட்சியின் வேலைதான். தெருவிளக்குக்கான தனிக் கம்பி அறுந்திருந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணை அழையுங்கள். கம்பமே இல்லாத இடத்தில் விளக்குக் கேட்டால் மின்வாரியம் மதிப்பீடு தரும், உள்ளாட்சி அந்தத் தொகையைக் கட்ட வேண்டும், அதன் பிறகுதான் கம்பம் வரும். மாதங்கள் ஆகும் வேலை என்பதால் அதற்குத் தனி மனு போடுங்கள். இருக்கும் கம்பத்தில் விளக்குப் பொருத்துவதோடு கலக்கினால் அதுவும் தாமதமாகும்.

சபையில் தீர்மானமாக்குங்கள்

ஊராட்சியில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே நிறைவேறும் தீர்மானத்துக்குத் தனி மனுவுக்கு இல்லாத வலு உண்டு. ஆனால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் சபை உறுப்பினர். புதிதாகக் குடிவந்த பலருடைய ஓட்டு இன்னும் மயிலாப்பூரிலோ மதுரையிலோ இருக்கும். ஐம்பது வீடுள்ள நகரில் பத்து ஓட்டுகூட உள்ளூரில் இல்லை என்றால் தலைவரும் வார்டு உறுப்பினரும் அந்தத் தெருவுக்கு அவசரப்பட மாட்டார்கள். படிவம் 8 கொடுத்து ஓட்டை மாற்றிக்கொள்வதுதான் தெரு வேலைக்கு மிகவும் பயன்படும் விண்ணப்பம் என்று தயங்காமல் சொல்லலாம்.

சபைக்கு ஒரு வாரம் முன்பே கோரிக்கையை எழுத்தில் ஊராட்சிச் செயலரிடம் கொடுங்கள். கூட்டத்தில் வாயால் பேசியது பதிவேட்டில் ஏறாமல் போவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. தீர்மானம் எழுதி முடித்து வாசித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கினால் மறுத்துவிடுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மாநகராட்சியிலும் நகராட்சியிலும் இதற்கு இணையானது பகுதி சபா. 2022இல் விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1இல் பரவலாகக் கூட்டப்பட்டது. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்ததற்கு அன்றைய முதல்வர் மு.க. ஸ்டாலினே வந்திருந்தார். உங்கள் வார்டில் கூட்டப்படவில்லை என்றால், கூட்டும்படி ஆணையருக்கு எழுத உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நிதிதான் உண்மையான தடை என்றால் ‘நமக்கு நாமே’ திட்டத்தைக் கேளுங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். 6 லட்ச ரூபாய் வேலைக்கு 34 வீடுகள் சேர்ந்து 2 லட்சம் என்றால் வீட்டுக்கு ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முன்னுரிமை கிடைக்கும் என்பதும், பணம் போட்டவர்கள் வேலையை நின்று பார்ப்பார்கள் என்பதும் இதில் நல்லவை.

சாலை போடும்போது

முதலில், பாதாளச் சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ தெருவைத் தோண்டும் திட்டம் இருக்கிறதா என்று பொறியாளரிடம் கேளுங்கள். இருந்தால் சாலைக்கு அவசரப்படுத்த வேண்டாம். போட்ட சாலையைத் தோண்டி, ஒட்டுப் போட்டு, முதல் மழையிலேயே உள்வாங்கும்.

இரண்டாவது, உயரம். பழைய சாலை மேலேயே புதிதாகப் போட்டுக்கொண்டே போனதால்தான் எத்தனையோ வீடுகள் தெருவுக்குக் கீழே போய், மழைத் தண்ணீர் கூடத்துக்குள் வருகிறது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்தில்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். வேலை தொடங்கும் முன் உங்கள் வாசற்படிக்கும் சாலைக்கும் உள்ள உயரத்தை அளந்து படமெடுத்து, சுரண்டிய பிறகே போடும்படி எழுத்தில் கேளுங்கள். எந்திரம் வந்து நின்ற பிறகு தகராறு செய்து பயனில்லை.

சிமென்ட் சாலை என்றால் போட்டபின் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி நனைக்கிறார்களா பாருங்கள். குறைந்தது ஏழு நாள் வேண்டும். அதை விட்டால் மேற்பரப்பு மாவாக உதிரும். பேவர் பிளாக் என்றால் கல்லின் கனம் மதிப்பீட்டில் உள்ளபடி 60 மி.மீட்டரா, 80 மி.மீட்டரா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். இரு ஓரமும் கான்கிரீட் விளிம்பு இல்லாவிட்டால், வண்டி ஏற ஏறக் கற்கள் பக்கவாட்டில் விலகும்.

மதிப்பீட்டைக் காட்ட மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதுங்கள். ‘ஏன் போடவில்லை’ என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் (செய்த வேலையின் அளவுகளைப் பொறியாளர் எழுதுவது), ஒப்பந்ததாரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (பழுதை அவரே சரிசெய்ய வேண்டிய காலம்) குறித்த நிபந்தனை. வேலையை நேரில் ஆய்வு செய்யவும் பொருளின் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் அதே சட்டத்தின் 2(j) பிரிவு, அதாவது ‘தகவல் பெறும் உரிமை’யை வரையறுக்கும் பகுதி, இடம் தருகிறது. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

பொறுப்புக் காலம் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, அதற்கு ஒரு மாதம் முன்பு தெருவை ஒருமுறை நடந்து பாருங்கள். வெடிப்பு, பள்ளம், தண்ணீர் தேக்கம் எது இருந்தாலும் அளவோடும் படத்தோடும் எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதிக்குள் சொன்னால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும்.