கண், காது மருத்துவச் சொற்களை உடைத்துப் படிப்பது எப்படி?

அம்மாவின் கண் பரிசோதனை அறிக்கையும் அப்பாவின் காது பரிசோதனை அறிக்கையும் ஒரே வாரத்தில் கைக்கு வந்தன. இரண்டிலும் சேர்த்துப் பத்து வரிகூட இல்லை, ஆனால் ஒரு வரியும் விளங்கவில்லை. தேடுபொறியில் ஒவ்வொரு சொல்லாகப் போட்டால், இருப்பதிலேயே மோசமான நோய்தான் முதலில் வந்து நிற்கும். அப்படித் தூக்கம் கெட்ட பிறகு, சொற்களை உடைத்துப் படிக்கப் பழகினேன். அந்த முறைதான் இது. அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டும் இது உதவும். நோயைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

அறிக்கையின் நகல், பென்சில், ஒரு நோட்டு போதும். கேமராவைக் காட்டினால் மொழிபெயர்க்கும் செயலிகளையும் முயன்று பார்த்துவிட்டுக் கைவிட்டேன். கைக்கடக்கமான மருத்துவ அகராதி ஒன்று கிடைத்தால் அதையே நம்புவேன். அது பயமுறுத்தாது.

படி 1: முதலில் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

லத்தீனில் கண் ‘ஓகுலஸ்’, காது ‘ஆரிஸ்’. அதனால் ஓ.டி. என்றால் வலது கண், ஓ.எஸ். இடது கண், ஓ.யு. இரண்டு கண்ணும். காதுக்கு முதல் எழுத்து மட்டும் மாறும்: ஏ.டி., ஏ.எஸ்., ஏ.யு.

எளிதாகத் தெரிகிறதா? நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். அம்மாவுக்குக் கண் அழுத்தத்துக்காகச் சொட்டுமருந்து கொடுத்திருந்தார்கள். சீட்டில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் ஓ.டி. என்று இருந்தது. புதிதாகக் கற்ற தெம்பில் வலது கண்ணில் மட்டும் ஆறு நாள் விட்டேன். ஏழாம் நாள் வேறொரு சந்தேகம் கேட்கத் தொலைபேசியில் அழைத்தபோதுதான் தெரிந்தது: மருந்துச் சீட்டில் ஓ.டி. என்பதற்கு ‘நாளுக்கு ஒருமுறை’ என்றும் பொருள் உண்டு. அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் விட்டிருக்க வேண்டும். ஒன்றுமே தெரியாதவனாக இருந்திருந்தால் மருந்து வாங்கும்போதே கேட்டுத் தொலைத்திருப்பேன். அரைகுறையாகத் தெரிந்ததுதான் வினை.

ஆகவே, பார்வை எண்களுக்குப் பக்கத்தில் நின்றால் அது வலது கண். மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் நின்றால் வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். கிறுக்கலான கையெழுத்தில் ‘ஏ’வும் ‘ஓ’வும் ஒன்றுபோலத் தெரிந்து, காது மருந்து கண்ணுக்குப் போகும் ஆபத்தும் இருக்கிறது. மருந்துப் பிழைகளைத் தடுக்க உழைக்கும் அமைப்புகள் இந்தச் சுருக்கங்களையே தவிர்க்கச் சொல்வது இதனால்தான். (தமிழில் எழுதினால் அறுவை அரங்கும் ஓ.டி.தான். நோட்டில் ‘வலது’, ‘இடது’ என்றே எழுதிக்கொள்ளுங்கள்.)

படி 2: சொல்லை வாலிலிருந்து படியுங்கள்

என்ன கோளாறு என்பது வாலில் இருக்கும், எந்த உறுப்பு என்பது தலையில். ‘ஓட்டால்ஜியா’வில் ஆல்ஜியா என்றால் வலி, ஆகவே காதுவலி. ‘ஓட்டோரியா’வில் ரியா என்றால் ஒழுகுதல். ஓப்பியா பார்வையைக் குறிக்கும், அக்யூசிஸ் கேட்டலை. பிளாஸ்டி என்று முடிந்தால் சீரமைப்பு அறுவை, எக்டமி என்றால் வெட்டி நீக்குவது, ஒட்டமி என்றால் கீறுவது.

அதிகம் கண்ணில் படும் வால் ‘ஐட்டிஸ்’. தமிழ் எழுத்தில் இது முந்தைய மெய்யோடு ஒட்டிக்கொண்டு டைட்டிஸ், ரைட்டிஸ், வைட்டிஸ் என்று வேஷம் போடும். வாய்விட்டுப் படித்தால் பிடிபடும். இதற்குப் பொருள் அழற்சி. கிருமித் தொற்று என்று நினைத்துவிடாதீர்கள். கன்ஜங்டிவைட்டிஸ் (கண் சிவக்கும் வெண்படல அழற்சி) வைரஸாலும் வரலாம், பாக்டீரியாவாலும் வரலாம், வெறும் ஒவ்வாமையாலும் வரலாம். ஒவ்வாமையால் வந்தது அடுத்தவருக்கு ஒட்டாது. சொல்லுக்கு முன்னால் என்ன அடைமொழி இருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் வீட்டில் துண்டைத் தனியாக வையுங்கள்.

படி 3: தலையில் இருக்கும் உறுப்பு

பிளெஃபரோ என்றால் இமை, டாக்ரியோ என்றால் கண்ணீர், ஓட்டோ என்றால் காது. ஃபேக்கோ என்றால் கண்ணின் லென்ஸ். கிரேக்கத்தில் அது ஒரு பருப்பின் பெயர், வடிவத்தால் வந்தது. கண்புரை அறுவையை ‘ஃபேக்கோ’ என்று சுருக்கிச் சொல்வதும் இதிலிருந்துதான்.

கெராட்டோ என்பது கார்னியா. தமிழில் இதைக் கருவிழி என்கிறோம், ஆனால் கார்னியாவுக்குக் கருமை கிடையாது. அது கண்ணாடி போன்ற படலம்; நமக்குத் தெரியும் நிறம் அதன் பின்னால் இருக்கும் ஐரிஸின் நிறம். இதே குழப்பத்தில்தான் புரையையும் பூவையும் ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். புரை லென்ஸ் மங்குவது. கண்ணில் பூ விழுந்தது என்று சொல்வது பெரும்பாலும் கார்னியாவில் விழுந்த வெண்தழும்பு.

செவிப்பறைக்கு டிம்பனோ, மிரிங்கோ என்று இரண்டு பெயர்கள். டிம்பனம் என்றாலும் பறைதான், நம் சொல்லும் அதேதான் சொல்கிறது. டிம்பனோபிளாஸ்டி கிழிந்த பறையைச் சீரமைப்பது. மிரிங்காட்டமி பறையில் சிறிதாகக் கீறுவது.

எனக்குப் பிடித்த தலை ‘பிரெஸ்பி’, அதாவது முதுமை. பிரெஸ்பியோப்பியா வெள்ளெழுத்து. பிரெஸ்பிஅக்யூசிஸ் வயதானதால் குறையும் செவித்திறன், பெரும்பாலும் கீச்சொலிகளிலிருந்து தொடங்கும். அம்மா அறிக்கையில் முதலாவதும் அப்பா அறிக்கையில் இரண்டாவதும் இருந்தன. இரண்டுக்கும் சேர்த்து ஒரு ராத்திரி விழித்திருந்தேன்.

படி 4: எண்கள்

மயோப்பியாதான் கிட்டப்பார்வை. அதாவது கிட்டத்தில் இருப்பது தெரியும், தூரம் மங்கும். பெயர் குறையைச் சொல்லவில்லை, தெரிவதைச் சொல்கிறது. ‘எனக்குத் தூரப்பார்வை’ என்று சொல்பவரிடம் ஒருமுறை திருப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள், பாதிப்பேர் மாற்றிச் சொல்வார்கள். குறி ஏமாற்றாது: கழித்தல் என்றால் கிட்டப்பார்வை, கூட்டல் என்றால் தூரப்பார்வை. -2.00 என்றால் கண்ணாடி இல்லாமல் சுமார் 50 சென்டிமீட்டர் வரைதான் தெளிவு. 1 மீட்டரை 2-ஆல் வகுத்துப் பாருங்கள். சிலிண்டர் என்ற கட்டத்தில் எண் இருந்தால் ஆஸ்டிக்மாட்டிசம், அதாவது கண்ணின் வளைவு ஒரே சீராக இல்லாததால் வரும் மங்கல். அதற்குப் பக்கத்தில் இருக்கும் அச்சு வெறும் கோணம், 180 என்று பார்த்துப் பதறாதீர்கள். 6/12 என்றால், மற்றவர் 12 மீட்டரில் படிக்கும் எழுத்தை நீங்கள் 6 மீட்டரில்தான் படிக்கிறீர்கள்.

காதின் வரைபடத்தில் சிவப்பு வட்டம் வலது, நீலப் பெருக்கல் குறி இடது. கோடு கீழே இறங்க இறங்க ஒலியைக் கூட்ட வேண்டியிருக்கிறது என்று பொருள். கண்டக்டிவ் என்றால் ஒலி உள்ளே போகும் வழியில் தடை. காதுக்குறும்பி அடைத்தாலும் இப்படி வரும். சென்சரிநியூரல் என்றால் உள்காதிலோ நரம்பிலோ கோளாறு.

படி 5: இது நோயா, அறிகுறியா?

டின்னிட்டஸ் காதில் கேட்கும் இரைச்சல், வெர்டிகோ தலைசுற்றல். இரண்டும் அறிகுறிகளே, காரணம் வேறெங்கோ இருக்கும். ஓட்டால்ஜியாவுக்குக் காரணம் பல்லாகவோ தொண்டையாகவோகூட இருக்கலாம். இரைச்சல், சுற்றல், செவித்திறன் குறைவு மூன்றும் விட்டுவிட்டுச் சேர்ந்து வருவது மெனியர் நோயின் அடையாளம். ப்ராஸ்பர் மெனியர் 1861-இல் இதை உள்காதோடு தொடர்புபடுத்தினார். இப்படி ஆளின் பெயரைச் சுமக்கும் சொல்லை உடைத்துப் பயனில்லை, அகராதிதான் கதி.

சில சொற்களைப் பார்த்தால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு உடனே கிளம்புங்கள்: விழித்திரை விலகல், திடீர் கண் அழுத்த நோய், திடீர் சென்சரிநியூரல் செவித்திறன் இழப்பு. இவற்றில் ஒரு நாள் தாமதமும் அதிகம்.

பின்சேர்க்கை 1: காப்பீட்டுத் தாளில் சொல்லே இல்லை, ‘எச் 25’ என்றுதான் இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, பத்தாம் பதிப்பு அது. எச் 00 முதல் 59 வரை கண், 60 முதல் 95 வரை காது. 25 முதுமைப் புரை, 40 கண் அழுத்த நோய். 2022-இல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் எண்கள் வேறு.

பின்சேர்க்கை 2: ‘மயோ என்றால் தசைதானே, அப்படியானால் மயோப்பியா கண் தசை பலவீனமா?’ என்று இன்னொருவர். நல்ல கேள்வி, என் முறையின் ஓட்டையும் அதுதான். மயோப்பியாவில் இருப்பது ‘மூடு’ என்னும் கிரேக்கச் சொல். தூரத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணை இடுக்கிக்கொள்வதால் வந்த பெயர். தசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரே தலை இரண்டு பொருளில் வரும் சொற்களுக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன். இப்போதைக்கு இதுவும் ஓ.டி.யும்தான் அங்கே இருக்கின்றன.