செட்டிநாட்டில் கல்யாண மண்டபம் பிடிப்பது எப்படி? அடுப்படியிலிருந்து தொடங்குங்கள்

மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் நேரே மணமேடைக்குப் போய் நின்று போட்டோ எடுப்பார்கள். மேடையில் நடப்பது ஒன்றரை மணி நேர வேலை. சாப்பாட்டு ஹால், அடுப்படி, தண்ணீர், கழிவறை இந்த நாலும் இரண்டு நாள் ஓடியாக வேண்டும். அதனால் பின்வாசல் வழியாக உள்ளே போங்கள். மேடையைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: தலைக்கணக்கு

பத்திரிகை எண்ணிக்கை வேறு, இலை எண்ணிக்கை வேறு. பட்டியலை உள்ளூர், பக்கத்து ஊர், தொலைவு என்று மூன்றாகப் பிரியுங்கள். உள்ளூர்க்காரர் குடும்பத்தோடு வருவார், சென்னையிலிருந்து ஒருவரோ இருவரோதான் வருவார்கள். நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வீடுகளில் புள்ளிக் கணக்கு கையில் இருக்கும். ஆனால் புள்ளி என்பது ஒரு தம்பதி. பிள்ளைகளும் கூட வருகிறவர்களும் அதில் வரமாட்டார்கள். புள்ளியை வைத்து மட்டும் இலை போட்டால் இரண்டாம் பந்தியிலேயே சாம்பார் பற்றாமல் போகும்.

இரண்டாவது: பந்திக் கணக்கு

இலை போட்டு, பரிமாறி, எடுத்து, மேசை துடைத்து அடுத்த பந்தி உட்கார 40 நிமிடம் ஆகும். மதியச் சாப்பாட்டுக்கு 900 பேர், ஹாலில் 150 இலை என்றால் 6 பந்தி, அதாவது 4 மணி நேரம். 11 மணிக்கு முதல் இலை போட்டால் கடைசி ஆள் எழுந்திருக்க 3 மணி. 250 இலை விழுகிற ஹால் என்றால் 4 பந்தியில், 2 மணி 40 நிமிடத்தில் முடிந்துவிடும்.

மேனேஜர் சொல்லும் எண்ணிக்கையை நம்பாமல் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். ஓர் ஆளுக்கு 2 அடி வேண்டும். 6 அடி மேசைக்கு 3 இலை. அதில் 4 இலை என்று கணக்குச் சொன்னால், பக்கத்து ஆளின் முழங்கை உங்கள் பாயசத்தில் இருக்கும். வாளியோடு ஆள் நடக்க வரிசைகளுக்கு இடையில் 3 அடியாவது விட வேண்டும்.

ஹால் மாடியில், அடுப்படி கீழே என்றால் சாமான் ஏற்ற லிஃப்ட் இருக்கிறதா, கரண்ட் போனாலும் அது ஓடுமா என்று பாருங்கள். கொதிக்கிற ரசத்தை ஆள் தூக்கிக்கொண்டு படியேறக் கூடாது.

மூன்றாவது: தண்ணீர்

சாப்பிட்டுப் போகிறவருக்கு, சமையலையும் பாத்திரம் கழுவுவதையும் சேர்த்து, 15 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். தங்குகிறவருக்கு 100 லிட்டர். 900 பேர் சாப்பிட்டு, 60 பேர் தங்கினால் 13,500 + 6,000 = 19,500 லிட்டர். தொட்டி எவ்வளவு கொள்ளும், லாரித் தண்ணீர் விட வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

போர் தண்ணீர் கடினமாக இருந்தால் பருப்பு வேகாது. மண்டபத்துக் குழாய்த் தண்ணீரை ஒரு கேனில் பிடித்துக் கொண்டுபோய், வீட்டில் ஒரு கைப்பிடி துவரம்பருப்பு போட்டுப் பாருங்கள். வழக்கத்தைவிட வெகுநேரம் வேகாமலே கிடந்தால் சமையலுக்கு வேறு தண்ணீர் ஏற்பாடு செய்தாக வேண்டும். சமையல்காரரிடம் முன்பே சொல்லிவிட்டால் அவரே வழி சொல்வார்.

மளிகைச் சாமான் வைக்கும் உக்கிராண அறைக்குப் பூட்டு வேண்டும், சாவி ஒருவர் இடுப்பில் இருக்க வேண்டும்.

பெரிய வீட்டில் கல்யாணமா?

கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகளில் கல்யாணம் நடத்த இப்போது பலருக்கும் ஆசை. அழகுதான். ஆனால் மண்டபத்துக்கு இல்லாத விதிகள் இதற்கு உண்டு.

பல வீடுகள் பங்காளிகளுக்குப் பொதுவானவை. சாவி வைத்திருப்பவர் தலையாட்டினால் போதாது, பங்குள்ள எல்லோர் சம்மதமும் எழுத்தில் வேண்டும். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனியாகப் பூட்டிக் கிடக்கலாம். உங்களுக்கு எத்தனை அறை திறக்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். பங்காளி வீட்டில் திடீரென்று துக்கம் நேர்ந்தால் முன்பணம் என்ன ஆகும், மாற்று இடம் உண்டா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

சுவரில் இருப்பது முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு. ஆணி அடித்தால் பெயரும், டேப் ஒட்டினால் உரியும். அலங்காரம் முழுக்கத் தானாக நிற்கும் சட்டத்தில் இருக்கட்டும். தேக்குத் தூணில் துணி சுற்றி அதன்மேல் கட்டுங்கள். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது. எண்ணெயும் மஞ்சளும் கறையாகத் தங்கும், ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறமே போய்விடும். பந்தி நடக்கும் இடத்தில் பாய் விரியுங்கள். ஈரம் பட்டால் வழுக்கும், பெரியவர்கள் விழுவது அங்கேதான்.

வளவு வானம் பார்த்தது. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் அதற்குள்தான் கொட்டும். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்தம் என்றால் வெறும் சாமியானா தாங்காது, தகரப் பந்தல் வேண்டும். தரையைத் தோண்ட விடமாட்டார்கள், சாக்கு விரித்து அதன்மேல் இரும்புத் தட்டு வைத்த கால்களைக் கேளுங்கள். பழைய வயரிங்கில் கிரைண்டரையும் அலங்கார விளக்கையும் மாட்டினால் ஃபியூஸ் போகும். இரண்டுக்கும் தனி ஜெனரேட்டர் வையுங்கள்.

ஒரு வசதியும் உண்டு. பல வீடுகள் முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும். விருந்தாளி முகப்பு வழியாக வர, காய்கறி லாரியைப் பின்தெருவுக்கு வரச் சொல்லலாம். லாரி திரும்ப இடம் இருக்கிறதா என்று மட்டும் போய்ப் பாருங்கள்.

தங்குவதும் வருவதும்

சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வருகிறவர்கள் காரைக்குடியில் இறங்க இரவாகிவிடும். அந்நேரத்துக்கு வேனும் சாப்பாடும் தயாராக இருக்க வேண்டும். விமானம் என்றால் மதுரை அல்லது திருச்சி.

கடைசியாக: எழுத்து

வாடகை எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது? முதல்நாள் மாலை 3 மணிக்குத்தான் கதவு திறக்கும் என்றால், இரவு டிபனுக்குச் சமையல்காரர் எங்கே காய் நறுக்குவார்? அரை நாள் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டி, துப்புரவு, கேஸ், டீசல் எல்லாம் வாடகைக்குள்ளா வெளியிலா என்று தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை. வரவேற்பில் கச்சேரி வைத்தால் அதற்கேற்ப நேரம் வையுங்கள்.

சாவி வாங்கும்போது கரண்ட் மீட்டர், ஜெனரேட்டர் மணிமீட்டர் இரண்டையும் போட்டோ எடுங்கள். அண்டா, வாளி, கரண்டியை எண்ணி வாங்கி, அதே பட்டியலில் டிக் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். வாடகை ரசீதைப் பத்திரிகையோடு சேர்த்து வையுங்கள், 90 நாளுக்குள் திருமணப் பதிவுக்குப் போகும்போது கைகொடுக்கும்.