டெண்டர் தகுதிச் சண்டை: கவர் பிரிக்கும் முன்பே தோற்றுவிடாதீர்கள்

தளியிலிருந்து ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்திருந்தார். கையில் பிளாஸ்டிக் ஃபைல், அதற்குள் கன்னடத்தில் அடித்த ஓர் அனுபவச் சான்று. கர்நாடகத்தில் ஆனேக்கல் பக்கம் சிறுபாலம் ஒன்றைக் கட்டி முடித்ததற்கு அங்கே கொடுத்தது. அதை வைத்துத்தான் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு சிறுபால டெண்டர் போட்டிருந்தார். தகுதி ஆவணங்கள் இருக்கும் தொழில்நுட்பக் கவரிலேயே தள்ளிவிட்டார்கள். விலைக் கவரைப் பிரிக்கவே இல்லை.

“அண்ணா, நான் வேலை செஞ்சது பொய்யா? பாலம் அங்கேயே நிக்குது, போய்ப் பாக்கச் சொல்லுங்க” என்றார். சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது.

அவர் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் டெண்டர் ஆவணத்தில், சான்று செயற்பொறியாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி தந்ததாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. தமிழிலோ ஆங்கிலத்திலோ இல்லாத சான்றுக்கு நோட்டரி கையெழுத்திட்ட மொழிபெயர்ப்பு வேண்டும் என்று இன்னொரு வரி. இவருடைய சான்றில் இருந்தது உதவிப் பொறியாளர் கையெழுத்து. மொழிபெயர்ப்பு இல்லவே இல்லை. பரிசீலனைக் குழு ஆனேக்கல் போய்ப் பாலத்தைப் பார்க்காது. மேசையில் இருக்கும் தாளைத்தான் பார்க்கும்.

தருமபுரியில் உட்கார்ந்து பல ஆண்டுகளாக ஒப்பந்ததாரர்களுக்கு டெண்டர் பேப்பர் தயார் செய்து தருகிறேன். தகுதி இல்லை என்று தள்ளப்பட்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் வேலை தெரியாதவர்கள் அல்ல. ஆவணத்தின் தகுதிப் பகுதியை வரி வரியாகப் படிக்காதவர்கள். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அதிகம் சிக்குவது ‘இதே தன்மையுள்ள பணி’ என்ற சொல்லில். சிமென்ட் சாலை போட்டவர் தார்ச்சாலைக்கும் அது போதும் என்று நினைப்பார். போதுமா போதாதா என்பது நம் கையில் இல்லை. ‘இதே தன்மையுள்ள பணி என்றால் என்ன’ என்று அந்த ஆவணமே ஒரு விளக்கம் கொடுத்திருக்கும். அளவும் அப்படித்தான். மத்திய அரசுப் பணிகளில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002இல் சொன்ன கணக்கு இன்றும் பரவலாகப் புழங்குகிறது. மதிப்பீடு 1 கோடி ரூபாய் என்றால், தலா 40 லட்சத்தில் மூன்று பணிகள், அல்லது தலா 50 லட்சத்தில் இரண்டு, அல்லது 80 லட்சத்தில் ஒன்று முடித்திருக்க வேண்டும். 38 லட்சத்தில் ஐந்து பணிகள் வைத்திருப்பவர் ‘மொத்தம் 1 கோடியே 90 லட்சம் ஆச்சே’ என்று வாதாடுவார். அந்த வாதம் நிற்காது. காலமும் கணக்கு: டெண்டர் கோரும் மாதத்துக்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளோடு முடியும் 7 ஆண்டுகள். பணி முடிந்த தேதி அதற்கு ஒரு நாள் முன்னால் போனாலும் அந்தப் பணி கணக்கில் வராது. மாநிலத் துறைகளின் ஆவணங்களில் விகிதமும் ஆண்டுக் கணக்கும் வேறாக இருக்கலாம். அதனால் போன டெண்டரின் கணக்கை இதற்குப் போடாதீர்கள்.

அடுத்தது பிட் கெப்பாசிட்டி, அதாவது இன்னும் எவ்வளவு மதிப்புள்ள வேலையை உங்களால் ஏற்க முடியும் என்ற கணக்கு. கடந்த 5 ஆண்டுகளில் ஒரே ஆண்டில் அதிகபட்சமாகச் செய்த வேலையின் மதிப்பை, இந்தப் பணிக்கான ஆண்டுக் கணக்காலும் ஆவணம் சொல்லும் ஓர் எண்ணாலும் பெருக்கி, கையில் இருக்கும் வேலையைக் கழிக்க வேண்டும். அதிகபட்சம் 1 கோடி, பணிக்காலம் ஓராண்டு, பெருக்கும் எண் 2 என்று வைப்போம்: 2 கோடி வரும். கையில் முடிக்க வேண்டிய வேலை 1 கோடியே 40 லட்சம் என்றால் மீதி 60 லட்சம். 75 லட்சம் டெண்டருக்கு நீங்கள் தகுதி இல்லை. இங்கேதான் சிலர் கையிலிருக்கும் ஒரு வேலையை எழுதாமல் விடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பாலக்கோட்டில் நடக்கும் வேலை காரிமங்கலத்துக்காரருக்குத் தெரியாமல் இருக்காது. போட்டிக்காரரே முதல் புகார் கொடுப்பார். கணக்கில் தோற்றால் ஒரு டெண்டர் போகும். மறைத்தது தெரிந்தால் கறுப்புப் பட்டியல் வரை போகும்.

ஓசூர் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொன்று. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: கர்நாடகத்துக்கு 29, நமக்கு 33. நடுவில் இருக்கும் பான் எண் ஒன்றே என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று எல்லையில் தொழில் செய்கிறவர்கள் 29 எண்ணை இணைத்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பதிவு கேட்கும் டெண்டரில் அது செல்லாது. கூட்டு நிறுவனமாக இருந்தபோது செய்த வேலையைத் தனி உரிமையாளராகப் பிரிந்த பிறகு காட்டுவதும் இதே வகைச் சிக்கல்தான். ஆடிட்டர் தரும் விற்றுமுதல் சான்றில் 18 இலக்க யூடின் எண் (சான்று அசல்தானா என்று சரிபார்க்க உதவும் எண்) இருக்கிறதா என்றும் பாருங்கள். 2019 பிப்ரவரி முதல் அது கட்டாயம்.

சரி, எல்லாம் சரியாக இருந்தும் தள்ளிவிட்டார்கள் என்றால்? இங்கே பெரிய தவறு, காத்திருப்பது. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998இன் 11ஆம் பிரிவில் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். உத்தரவு கிடைத்த நாளிலிருந்து 10 நாள்தான் அவகாசம். அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, தெரிந்தவர்களை வைத்துப் பேசிப் பார்த்து, பதினைந்தாம் நாள் என்னிடம் வருகிறார்கள். அதற்குள் வேறொருவருக்கு ஒர்க் ஆர்டர் போயிருக்கும். உத்தரவு வந்த தேதியை உறையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சலாக வந்தால் அன்றைக்கே பிரிண்ட் எடுங்கள். தேசிய நெடுஞ்சாலை ஆணையம் போன்ற மத்திய அமைப்புகளின் டெண்டருக்கு இந்தச் சட்டம் வராது.

உயர் நீதிமன்றம் போகலாமே என்பார்கள். போகலாம். ஆனால் 1994இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லையைப் போட்டுவிட்டது: முடிவெடுத்த முறை சரியா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும், முடிவையே திருத்தி எழுதாது. சாலை, பாலம் போன்ற கட்டமைப்புப் பணிகளைத் தாமதமாக்கும் தடையுத்தரவைத் தரக்கூடாது என்று 2018இல் ‘ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்’ எனும் குறிப்பிட்ட நிவாரணச் சட்டமும் திருத்தப்பட்டது.

‘சின்னக் குறைதானே, மன்னிக்கக்கூடாதா’ என்ற கேள்விக்கும் இரண்டு தீர்ப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள். 1991இல் போத்தார் ஸ்டீல் வழக்கு. டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத் தொகையை (இஎம்டி) ரொக்கமாகவோ ஸ்டேட் வங்கி டிராஃப்டாகவோ கேட்டிருந்தார்கள். அந்த நிறுவனம் யூனியன் வங்கியின் பேங்கர்ஸ் செக் கொடுத்தது. பணம் உறுதியாக வந்து சேரும் என்பதால் அது துணை நிபந்தனைதான், தளர்த்தலாம் என்றது உச்ச நீதிமன்றம். 2016இல் சென்ட்ரல் கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் வங்கி உத்தரவாதம் சொன்ன படிவத்தில் இல்லை. தள்ளியது சரி என்றது அதே நீதிமன்றம். தளர்த்துவது அவர்கள் விருப்பம், உங்கள் உரிமை இல்லை. முன்வைப்புத் தொகையே கட்டாமல், சிறுதொழில் பதிவு இருக்கிறதே என்று நம்பி டெண்டர் போடுகிறவர்கள், கட்டுமானப் பணிக்கு அந்த விலக்கு உண்டு என்று அந்த ஆவணத்தில் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நிபந்தனையே ஒருவருக்காக வெட்டித் தைத்த சட்டை மாதிரி இருக்கிறது என்று தோன்றினால், கேட்க வேண்டிய நேரம் டெண்டர் போடுவதற்கு முன்னால். டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேளுங்கள், பதிவு வைத்துக்கொள்ளுங்கள். பேசாமல் கலந்துகொண்டு, தோற்ற பிறகு நிபந்தனை தவறு என்றால் நீதிமன்றம் காது கொடுக்காது. மேல்முறையீட்டிலும் ‘காசு வாங்கிட்டாங்க’ என்று கோபத்தைக் கொட்டாதீர்கள். எந்தப் பிரிவு, அது என்ன கேட்டது, நான் எந்தப் பக்கத்தில் என்ன இணைத்தேன், எந்தக் காரணம் சொல்லித் தள்ளினார்கள். இந்த நான்கும் ஒரே தாளில் அடங்க வேண்டும்.

தளித் தம்பிக்கு மேல்முறையீடு வேண்டாம் என்றுதான் சொன்னேன். அந்த இரண்டு வரிகளுக்கு அவரிடம் பதில் இல்லை. மறுவாரமே ஆனேக்கல் போய்ச் செயற்பொறியாளரிடம் புதுச் சான்று வாங்கி, ஓசூரில் மொழிபெயர்த்து, நோட்டரி முத்திரையோடு கொண்டுவந்தார். அதே பிளாஸ்டிக் ஃபைல். அடுத்த டெண்டர் அறிவிப்பின் தகுதிப் பகுதியையும் பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலால் பக்க எண் குறித்து வைத்திருந்தார்.