பத்தாயிரம் பாட்டுக்கு ஒரு பிளேயர்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்நூறு பாட்டு வைத்திருப்பவருக்கு எந்த பிளேயரும் சரிதான், கண்ணில் பட்டதை வாங்கினாலும் ஓடிவிடும். சிக்கல் பத்தாயிரம், இருபதாயிரம் என்று சேர்த்து வைத்திருப்பவர்களுக்குத்தான். சிடியிலிருந்து எடுத்தது, பழைய ஹார்ட் டிஸ்கில் கிடந்தது, காசு கொடுத்து இறக்கியது என்று எல்லாம் கலந்து கிடக்கும். இவர்கள் பிளேயர் வாங்கும்போது பாட்டு எப்படி ஒலிக்கும் என்று மட்டும் பார்க்கிறார்கள், அத்தனை பாட்டுக்குள் வேண்டிய ஒன்றை எப்படித் தேடி எடுப்பது என்று பார்ப்பதில்லை. பெரும்பாலான ஏமாற்றங்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

விளம்பரத்தில் முதலில் வருவது டாக் சிப்பின், அதாவது டிஜிட்டல் பாட்டை ஒலியாக மாற்றும் சிப்பின் பெருமை. 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ், டிஎஸ்டி 512 என்று எண்களாக அடுக்கியிருப்பார்கள். சிடியில் இருப்பதே 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான், மனிதக் காதுக்கு எட்டுவது அதிகபட்சம் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, அதற்கு இது போதும். உங்களிடம் இருப்பதில் முக்கால்வாசி எம்பி3 என்றால் அந்தப் பெரிய எண்ணுக்குக் கொடுக்கும் பணம் தண்டம். அதைவிட வேடிக்கை, புளூடூத் ஹெட்போனில் மட்டுமே கேட்கிறவர் டாக் சிப்பை ஒப்பிட்டுக்கொண்டிருப்பது. புளூடூத்தில் பாட்டு டிஜிட்டலாகவே போகிறது, அதை ஒலியாக மாற்றுவது ஹெட்போனுக்குள் இருக்கும் சிப். பிளேயருக்குள் இருக்கும் விலையுயர்ந்த சிப் சும்மா தூங்கும். அப்படிக் கேட்கிறவர், புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைகளான எல்டாக், ஆப்ட்எக்ஸ், ஏஏசி இவற்றில் எது பிளேயரிலும் ஹெட்போனிலும் சேர்ந்தாற்போல் இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

அப்புறம் முக்கியமான விஷயம், பிளேயரின் மென்பொருள். பழைய ஐபாட் நினைவிருக்கிறதா? 2001இல் 5 ஜிபியில் ஆயிரம் பாட்டு என்று வந்தது, கடைசியில் கிளாசிக் மாடல் 160 ஜிபி வரை போனது. அதில் அவ்வளவு பாட்டுகளைச் சக்கரத்தைச் சுற்றியே தேட முடிந்ததற்கு ஒரு காரணம், பாட்டுப் பட்டியலைத் தயாரிக்கும் வேலையைக் கணினியில் இருந்த ஐட்யூன்ஸ் செய்து கொடுத்துவிடும், ஐபாட் அதைப் படித்துக் காட்டினால் போதும். இன்றைய பிளேயர்களில் பெரும்பாலானவை மெமரி கார்டை ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்துத் தாங்களே பட்டியல் போடுகின்றன. விலை குறைந்த மாடலில் சின்ன பிராசஸரும் கொஞ்சூண்டு ராமும்தான் இருக்கும், இருபதாயிரம் பாட்டைக் கொடுத்தால் பாதியில் நின்றுவிடும், அல்லது நாலு பாட்டு புதிதாகச் சேர்த்தாலும் முழுவதையும் மறுபடி முதலிலிருந்து ஸ்கேன் செய்யும். இன்னும் சிலவற்றில் பட்டியலில் இத்தனை பாட்டுக்கு மேல் ஏறாது என்று வரம்பே உண்டு, அது டப்பாவின் மேல் எழுதியிருக்காது. ஆகவே "எத்தனை ஜிபி கார்டு போடலாம்" என்பதோடு நிறுத்தாமல் "எத்தனை பாட்டு வரை பட்டியலில் ஏறும்" என்று கேளுங்கள். ஃபோல்டர் வழியாகப் போய்ப் பாட்டைப் போடும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும். பட்டியல் கைவிட்டாலும் அது காப்பாற்றும்.

தமிழில் பாட்டுப் பெயர் வைத்திருப்பவர்களுக்குத் தனித் தலைவலி ஒன்று உண்டு. சிறிய பிளேயர்களில் தமிழ் எழுத்துருவே இருக்காது, வெறும் கட்டங்கள் தெரியும். எழுத்துரு இருந்தாலும் போதாது, ஏனென்றால் யூனிகோடில் மெய்யை முதலிலும் கொம்பை அடுத்தும் சேமிக்கிறோம், திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டுவர மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். தெரியாத பிளேயரில் எழுத்துக்கும் கொம்புக்கும் இடம் மாறி, எந்தப் படத்துப் பாட்டு என்று படிக்கவே முடியாது. ஆண்ட்ராய்டில் ஓடும் பிளேயர்களில் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. மற்றவற்றில், "கொஞ்சம்", "பௌர்ணமி" மாதிரி பெயர் வைத்த ஒரு ஃபைலைப் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

சரி, ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்கிறேன் என்றால் அங்கேயும் ஒரு கூத்து. ஒரே இசையமைப்பாளரின் பெயரை ஒரு ஃபைலில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் கூடுதலாக ஒரு எழுத்து சேர்த்தும் எழுதியிருப்பார்கள், பிளேயர் அவரை நாலு பேராகக் காட்டும். நம் சினிமாப் பாட்டில் இது இன்னும் மோசம். ஒரு படத்தில் ஆறு பாட்டு, ஆறுக்கும் வேறு வேறு பாடகர்கள், அதனால் பாடகர் வாரியாக அடுக்கும் பிளேயரில் படம் துண்டு துண்டாகிவிடும். இதற்கு 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்று தனியாக ஒரு டேக் (பாட்டு ஃபைலுக்குள்ளேயே எழுதி வைக்கும் குறிப்பு) இருக்கிறது, அதில் இசையமைப்பாளர் பெயரை ஒரே மாதிரி போட்டுவிட்டால் படம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். கணினியில் எம்பி3டேக் அல்லது மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்டு கொண்டு மொத்தமாக மாற்றலாம். ஆனால் அந்த டேக்கை மதிக்காத பிளேயர்களும் உண்டு, வாங்கும் முன் விசாரிக்க வேண்டியவற்றில் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன். டேக் குப்பையாக இருந்தால் எவ்வளவு விலை உயர்ந்த பிளேயரும் குப்பையைத்தான் அழகாகக் காட்டும்.

இடக் கணக்கைத் தோராயமாகப் போடுகிறவர்கள் பலர். 320 கேபிபிஎஸ் எம்பி3 நிமிடத்துக்குச் சுமார் 2.4 எம்பி, ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பி, பத்தாயிரம் பாட்டுக்கு 120 ஜிபி. சிடி தரத்து ஃபிளாக் (தகவல் எதையும் இழக்காமல் சுருக்கும் வடிவம்) என்றால் பாட்டுக்கு ஏறக்குறைய 30 எம்பி, அதே பத்தாயிரம் 300 ஜிபியைத் தொடும். 256 ஜிபி கார்டை விண்டோஸில் போட்டால் 238 என்றுதான் காட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடம் நிறைய இருக்கிறதே என்று இருக்கிற எம்பி3யையெல்லாம் ஃபிளாக்காக மாற்றி வைப்பதும் நடக்கிறது. எம்பி3 ஆக்கும்போது தூக்கி எறிந்த தகவல் திரும்பி வராது, கார்டு மட்டும் நிறையும்.

கார்டு விஷயத்தில் இரண்டு பொறி. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எஸ்டிஎக்ஸ்சி வகை, அவை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் ஆகி வரும், பழைய மற்றும் மலிவான பிளேயர்கள் அதைப் படிக்காமல் போகலாம். பல நேரம் ஃபேட்32 ஆக மாற்றிப் போட்டால் வேலை செய்துவிடும். இரண்டாவது பொறிதான் ஆபத்தானது: போலி கார்டு. உள்ளே இருப்பது 32 ஜிபியாக இருக்கும், கணினியிடம் மட்டும் 512 என்று பொய் சொல்லும்படி செய்திருப்பார்கள். காப்பி செய்யும்போது எந்தப் பிழையும் வராது, முதலில் போட்ட பாட்டுகள் ஒலிக்கும், பின்னால் போட்டவை திறக்காது. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள், வாங்கிய கார்டை விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 கொண்டு முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

காப்பி செய்யும் நேரத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. யுஎஸ்பி 2.0 போர்ட் உள்ள பிளேயரில் நடைமுறை வேகம் நொடிக்கு 35 எம்பி தாண்டினால் அதிசயம், 500 ஜிபிக்கு நாலு மணி நேரம். கார்டு வேகமானதாக இருந்து, அதை வெளியே எடுத்து யுஎஸ்பி 3 ரீடரில் போட்டால் நேரம் பாதிக்கும் கீழே இறங்கும். இதனால்தான் கார்டு போடும் வழியில்லாத, உள்ளேயே நினைவகம் வைத்த பிளேயரைப் பெரிய சேமிப்பு வைத்திருப்பவருக்கு நான் சொல்லவே மாட்டேன். கார்டு உள்ள பிளேயர் கெட்டுப்போனால் கார்டை உருவி அடுத்ததில் போட்டுக்கொள்ளலாமே. அதே காரணத்துக்காக, கார்டில் இருப்பதே ஒரே பிரதி என்ற நிலைக்கும் வந்துவிடாதீர்கள், கணினியிலோ வேறு டிஸ்கிலோ இன்னொன்று இருக்கட்டும்.

பழைய ஐபாட் கிளாசிக்கை வாங்கி ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்டி கார்டு பொருத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், ஆப்பிளின் மென்பொருளுக்குப் பதிலாக ராக்பாக்ஸ் மென்பொருளைப் போட்டால் ஃபிளாக்கும் ஓடும். கை வேலை தெரிந்தவர்களுக்கு அது நல்ல வழி. தெரியாதவர்கள் "பேட்டரி நல்லா இருக்கு" என்ற விற்பவரின் பேச்சை நம்பி இறங்க வேண்டாம், ஆப்பிள் அந்த மாடலை 2014இலேயே நிறுத்திவிட்டது. புதிய பிளேயரானாலும் பேட்டரியை மாற்ற முடியுமா என்று கேட்டு வையுங்கள். ஆண்ட்ராய்டு பிளேயரில் ஸ்ட்ரீமிங் செயலி போடலாம், தேடுவதற்குக் கீபோர்டு வரும், ஆனால் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், ஆண்ட்ராய்டு பழசானால் செயலிகளும் ஒவ்வொன்றாகக் கைவிடும். கையில் இருக்கும் பாட்டு மட்டும் போதும் என்பவருக்கு ஆண்ட்ராய்டு இல்லாததே நிம்மதி.

வாங்கியபின் செய்கிற தவறு, பத்துப் பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று டப்பாவைத் தூக்கிப் போடுவது. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் உங்கள் முழுச் சேமிப்பையும் ஏற்றுங்கள். ஸ்கேன் முடிய எவ்வளவு நேரம் ஆகிறது, கணினியில் உள்ள பாட்டு எண்ணிக்கையும் பிளேயர் காட்டுவதும் ஒன்றா, பட்டியலின் நடுவில் உள்ள ஒரு பாட்டுக்குப் போக எத்தனை முறை விரலைத் தேய்க்க வேண்டியிருக்கிறது, அணைத்துப் போட்டால் விட்ட இடத்திலிருந்து பாடுகிறதா என்று பாருங்கள். பிறகு கார்டை எடுத்து ஒரே ஒரு பாட்டைச் சேர்த்து மறுபடி செருகுங்கள். முழுவதையும் முதலிலிருந்து ஸ்கேன் செய்யத் தொடங்கினால், அதோடு தினமும் வாழ முடியுமா என்று அப்போதே முடிவு செய்துகொள்ளலாம்.